பரிசுச் சேதி

கேள்வி: யாருக்குப் பதவி, யார் கையில் தயவு என்ற லண்டன் சேதிகளையும் தன் புதுக் கவிதைகளைப் பற்றியும் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710 முதல் 1713 வரை டப்ளின் தோழிக்குக் கடிதங்களாக எழுதினார். காஞ்சியில் அப்படி யாராவது உண்டா?
– பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம்

பதில்: காஞ்சியில் சேதியே கவிதையானது! கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் 'பெரும்பாணாற்றுப்படை', 500 அடி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்ற பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு அந்த வள்ளலின் ஊரைச் சொல்கிறான். போகும் வழியைச் சொல்கிறான். வழியில் ஆயரும் உழவரும் வலைஞரும் என்னென்ன சோறு போடுவார்கள் என்பதுவரை சொல்லிவிடுகிறான். அதே தொழில் செய்பவனிடம் புரவலர் முகவரியை யார் கொடுப்பார்கள்? பாணன் கொடுத்தான், அது பெருந்தன்மை.

'ஆற்றுப்படை' என்பதில் 'ஆறு' என்றால் வழி. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது 5 பாட்டுகள், ஆற்றுப்படைகளே.