விளக்கு வாங்கிய படலம்

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒன்று வந்தே தீரும். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குத் திடீர் ஆன்மிகம், சிலருக்கு விடியற்காலை மாரத்தான். எனக்கு ஸ்கூபா வந்தது. தொப்பையை ரப்பர் உடுப்புக்குள் திணித்து, முதுகில் சிலிண்டரைக் கட்டி, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். பரணில் ஏறி அண்டாவை இறக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்கிறவன், கீழ்நோக்கி மட்டும் 18 மீட்டர் போவான் என்பதில் என் மனைவிக்கு இன்னமும் சந்தேகம்தான்.

ஸ்கூபாவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்டதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சோறு இறங்காத ரகம் நான். கேமரா வந்தது. அதற்குத் தண்ணீர் புகாத கூடு வந்தது. அந்தமானில் எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். பவளம், மீன், நான் எல்லாமே ஒரே நீலம். “ஸ்விம்மிங் பூல் நல்லா பெரிசா இருக்கே, எந்த ஹோட்டல்?” என்று பெரியப்பா கேட்டிருந்தார்.

கேமராமேல் குற்றமில்லை. தண்ணீர் சூரிய வெளிச்சத்தில் முதலில் கைவைப்பது சிவப்பின்மேல். ஐந்தாறு மீட்டருக்குள் சிவப்பு ஏறக்குறையக் காலி. இன்னும் இறங்க இறங்க ஆரஞ்சு போகும், பிறகு மஞ்சள். கடைசிவரை கூட வருவது நீலம்தான். 18 மீட்டரில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். காசிமேட்டில் கூடை கூடையாக ஜொலிக்கிற சங்கரா மீனின் சிவப்பு, அது வாழும் ஆழத்தில் வெறும் சாம்பல். அங்கே சிவப்பு அலங்காரத்துக்கு இல்லை, ஒளிந்துகொள்வதற்கு.

இதை மனைவியிடம் ரசித்து விளக்கினேன். “உன் கல்யாணக் கூரைப்புடவைகூட அங்கே கறுப்பாத்தான் தெரியும்.”

“அங்க நான் எதுக்குங்க அதைக் கட்டிக்கிட்டு வரணும்?”

அறிவியலுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

கடல் பிடுங்கிக்கொண்ட நிறத்தை நாமே கையோடு கொண்டுபோவது ஒன்றுதான் வழி. அதாவது, விளக்கு. மச்சினன் செலவில்லாத மாற்று ஒன்றைச் சொன்னான்: “லென்ஸுக்கு முன்னாடி சிவப்பு ஃபில்டர் மாட்டுங்க மாமா, போதும்.” வெயில் நன்றாக இறங்கும் ஆழத்தில் அது உதவும்தான். ஆனால் மீதமிருக்கும் நீலத்தையும் பச்சையையும் குறைத்துச் சரிக்கட்டத்தான் ஃபில்டருக்குத் தெரியும், இல்லாத சிவப்பை உண்டாக்கத் தெரியாது. அதைவிட முக்கியம், ஃபில்டர் மலிவு. மலிவான தீர்வை நான் எந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்?

பட்ஜெட் கேட்கப் போகிறவனுக்குச் சரித்திரம் துணை. என்னைவிட முற்றியவர்களைத் தேடினேன். 1890களில் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர், ஒரு பீப்பாயின்மேல் சாராய விளக்கை ஏற்றி, அதன் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதிக் கடலுக்கடியில் படமெடுக்கப் பார்த்திருக்கிறார். 1926இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் ட்ரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் நேஷனல் ஜியோகிராஃபிக்கின் சார்ல்ஸ் மார்ட்டினும் ஒரு மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொட்டிக் கொளுத்தினார்கள். ஒரு படத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்கள் அப்படித்தான் கிடைத்தன. பொடி வெடித்து லாங்லிக்குத் தீக்காயமும் கிடைத்தது.

“பார், நான் வெறும் பேட்டரி விளக்குதான் கேட்கிறேன்” என்றேன். வெடிமருந்தோடு ஒப்பிட்டதும் விலை நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்தது.

அதன்பிறகு நான் மனுஷனாக இல்லை. சாப்பிடும்போது லூமன், படுக்கும்போது கெல்வின். லூமன் என்பது விளக்கு மொத்தமாகக் கக்கும் வெளிச்சம், அவ்வளவே. அது எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பது தனிக் கணக்கு. ஆயிரம் லூமனைப் பத்து டிகிரிக்குள் குவித்தால் பாறை இடுக்கில் பதுங்கிய விலாங்கைத் தேட உதவும். அதையே வைத்து வீடியோ எடுத்தால் நடுவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் அமாவாசை. வீடியோவுக்கு நூறு டிகிரியாவது பரவ வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: பெட்டியில் போட்டிருக்கும் 120 டிகிரி காற்றில் அளந்ததென்றால், தட்டைக் கண்ணாடி தாண்டித் தண்ணீருக்குள் போனதும் 80 சொச்சமாகச் சுருங்கிவிடும். ப்ளஸ் டூவில் மார்க்குக்காக உருப்போட்டு மறந்த ஸ்நெல் விதி, இத்தனை வருஷம் கழித்து என் பர்ஸைத் தேடி வந்தது.

அடுத்தது சி.ஆர்.ஐ. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். சூரியனுக்கு 100. மலிவு எல்.இ.டி.கள் 70, 80 வாங்கித் தேறிவிடும், ஆனால் அவை கோட்டைவிடும் பாடம் பெரும்பாலும் சிவப்பு. நமக்கு வேண்டியதே அதுதான், ஆகவே 90க்குக் குறையக் கூடாது. இதைச் சொல்ல ஒரு முன்னுரை தயார் செய்துகொண்டு போனேன். “ஜவுளிக்கடையில சேலையை வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறோமே, அதுதானே?” என்று மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். மீதி முன்னுரை வீணாயிற்று.

போட்டோவா, வீடியோவா என்பதிலும் ஒரு பட்டிமன்றம் நடந்தது. போட்டோவுக்கு ஸ்ட்ரோப்தான் ராஜா. ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்குள் வெளிச்சத்தை மொத்தமாகக் கொட்டி, துள்ளுகிற மீனின் வாலையும் அப்படியே நிறுத்திவிடும். தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கு எத்தனை ஆயிரம் லூமனானாலும் அந்த வேலையைச் செய்யாது. ஸ்ட்ரோப்பில் வீடியோ எடுக்கவே முடியாது. இரண்டையும் வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். மனைவி அந்தத் தொகையை மனசுக்குள் பவுனாக மாற்றிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. வீடியோ விளக்கு மட்டும் என்று உடனே தீர்ப்பாயிற்று.

சில எல்.இ.டி.களை மங்கலாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும், வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். இந்த மினுக்கலைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் படித்தேன். அதே வாரம் முழுக்க எங்கள் சமையலறை டியூப்லைட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றினோம். நிபுணர்களில் அவரவருக்கு ஒரு துறை.

பேட்டரி விஷயத்தில் ஒரு கடைக்காரர் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த 18650 செல்லை எடுத்து நீட்டினார். 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள அந்த உருளைக்குள் யோக்கியமாக அடைக்க முடிவது சுமார் 3,500தான். எரியும் நேரக் கணக்கு இன்னும் வேடிக்கை. டார்ச்சுகளுக்கான வழக்கமான அளவுமுறையில், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிவதாகவே கணக்கு. விளக்கு செத்து அதன் ஆவி திரிகிற நேரத்தையும் ஆயுளில் சேர்த்துவிடுகிறார்கள். முழு வெளிச்சத்தில் ஒரு முக்குளிப்பு, அதாவது ஒரு மணி நேரம், தாங்கினால் போதும். உதிரி லித்தியம் செல்களை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது என்பதையும் மனப்பாடம் செய்தேன். பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறதென்று கேட்டால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவேன்.

இவ்வளவு படித்த பிறகு எனக்குப் பத்தாயிரம் லூமனுக்குக் குறைவான எதுவும் கண்ணில் படவில்லை. வாங்குவதற்குமுன் மச்சினனின் பழைய 1,000 லூமன் விளக்கை இரவல் வாங்கி ஹாலில் ஒத்திகை வைத்தேன். கடல்வாழ் உயிரினத்துக்குப் பதிலாக, சுவரில் கடிகாரத்துக்குக் கீழே இருந்த பல்லி. மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, குப்புறப் படுத்து, மிதப்பதாகப் பாவித்து, வாயால் மூச்சு விட்டபடி கேமராவை நீட்டினேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“மாப்பிள்ளை, பல்லி எந்தத் திசையில சொல்லிச்சு?”

சகுனம் பார்க்கவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, “வெளிச்சம் பத்தலை, பத்தாயிரம் லூமன்தான் சரிப்படும்” என்று முனகினேன். மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “கிட்டப் போங்களேன்!”

போனேன். தூரம் பாதியானதும் பல்லிமேல் வெளிச்சம் நாலு மடங்கானது. அதன் கழுத்து மடிப்பு, கண்ணின் பொன்நிறம் எல்லாம் தெரிந்தன. தண்ணீரில் இந்தக் கணக்கு இன்னும் கறார். விளக்கிலிருந்து மீனுக்குப் போகும்போதும் மீனிலிருந்து கேமராவுக்கு வரும்போதும் தண்ணீர் சிவப்புக்கு இருவழிச் சுங்கம் வசூலிக்கும். ஒரு மீட்டரைத் தாண்டினால் எவ்வளவு பெரிய விளக்கும் சோர்ந்துவிடும். உச்சி வெயிலில் ஆழமில்லாத இடத்தில் அடித்தால் சூரியனுக்கே டார்ச் அடிக்கிற கதை. நான் வாரக்கணக்கில் படித்துத் திரட்டிய ஞானத்தின் சாரம் இரண்டே வார்த்தை, அதுவும் அடுக்களையிலிருந்து வந்தது.

ஆக, 2,500 லூமன், அகலமான பரவல், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று ஒரு நடுத்தர விளக்கு வீட்டுக்கு வந்தது. கரண்ட் போனால் உதவும் என்று மாமியார் அதைப் பூஜை அலமாரிப் பக்கம் வைக்கப் பார்த்தார். இந்த விளக்குக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, வெளியே முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் சூடேறிக் கொதிக்கும் என்று சொல்லி மீட்டேன். தண்ணீருக்குள் மட்டும் எரியும் விளக்கை எதற்கு வாங்கினோம் என்று யாரும் கேட்பதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

கிளம்புமுன் ஓ-ரிங் சடங்கு. மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்து, ரப்பர் வளையத்தை நகம் படாமல் நெம்பி எடுத்து, பயறளவு கிரீஸை விரல் நுனிகளுக்கிடையே உருட்டித் தடவி, வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். ஒரு மணல், ஒரு முடி போதும், தண்ணீர் புகுந்துவிடும். அதுவும் ஆழத்தில்தான் என்றில்லை. கீழே அழுத்தமே வளையத்தை இறுக்கிக்கொள்ளும், முதல் ஒரு மீட்டரில்தான் பல விளக்குகள் மூழ்குகின்றன. தலையில் எனக்கு மிச்சமிருப்பதே சொற்பம். அதிலிருந்து ஒன்று நிதானமாக இறங்கி வந்து சரியாக அந்தக் கிரீஸின்மேல் உட்கார்ந்தது. மகள் ஷவர் கேப் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அந்தக் கோலத்தில் எடுத்த படம்தான் குழுவில் இன்றுவரை அதிக லைக் வாங்கியது.

பிறகு அந்தமானின் ஹேவ்லாக், 2018 முதல் ஸ்வராஜ் தீவு. பாறை விளிம்புக்குக் கீழே ஒரு லயன் ஃபிஷ், முட்களை விரித்து, நகராமல் நின்றது. தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பல் குப்பை. விளக்கைக் கேமராவோடு ஒட்டி வைத்தால் இடையில் மிதக்கும் தூசியெல்லாம் வெளுத்துப் படம் பாழாகும். ஆகவே கையை நீட்டி விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் வெளிப்புறம் திருப்பி, ஒளியின் ஓரம் மட்டும் மீன்மேல் விழும்படி வைத்தேன். முள்ளில் விஷம் உண்டு, ஒரு முழத்தோடு நின்றேன். சாம்பல் சட்டென்று செங்காவியாயிற்று. வெள்ளைக் கோடுகள், துடுப்பின் ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

வீடியோவை ஊருக்கு வந்து டிவியில் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்த மாமியார் தன் மகள் பக்கம் திரும்பினார். “இவ்வளவு கிட்டப் போயிருக்காரே மாப்பிள்ளை, அப்படியே ஒண்ணைப் பிடிச்சிட்டு வந்திருக்கலாமில்ல? வறுக்க நல்லா இருந்திருக்கும்.”

“நீ ஒண்ணும்மா, அவருக்குப் படம் காட்ட மட்டும்தான் தெரியும்” என்றாள் மனைவி.