போடி மலைச்சரிவில் 'சின்ன சேஞ்ச்': ஒரு முன்னோடி ஆய்வு

உலக மேலாண்மை வரலாற்றில் இதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒரு பொருத்தத்திலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது. 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் மென்பொருள்காரர்கள் சிலர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் 17 பேர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளும் 17. அங்கேயும் மலை, இங்கேயும் மலை. தற்செயல் என்று தள்ளிவிடலாம். தள்ளினால் கட்டுரை இத்துடன் முடிந்துவிடும் என்பதால் தள்ளவில்லை.

அந்த அறிக்கையோடு 12 கொள்கைகள் உண்டு. அவற்றில் இரண்டாவது, வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்த பிறகு வாடிக்கையாளர் தன் தேவையை மாற்றினாலும் முகம் சுளிக்காமல் ஏற்கச் சொல்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சென்னை ஓஎம்ஆரிலும் பெங்களூருவிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து "ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்ற குரல் எழுகிறது. போடியிலிருந்து படித்துப் போன பிள்ளைகள் பலரும் அந்தக் குரலுக்கு வாக்கப்பட்டவர்கள். ஊருக்கு வரும்போது அம்மாவிடம் புலம்புகிறார்கள். அம்மா விடியுமுன் தூக்குவாளியோடு ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புக்கு நிற்பவராக இருந்தால், பிள்ளையின் துக்கம் அவருக்கு விளங்குவதில்லை. ஏன் விளங்குவதில்லை என்பதே இவ்வாய்வின் வினா.

'முந்தைய ஆய்வுகள்' என்று ஒரு பகுதி இருந்தாக வேண்டும் என்பது மரபு. 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் படிப்படியாகக் கீழே இறங்கும் படம் ஒன்றைப் போட்டார்: தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை. பிற்பாடு அதற்கு 'அருவி முறை' என்று பெயர் விழுந்தது. இப்படியே செய்தால் ஆபத்து என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. போடிமெட்டுச் சாலையில் புலியூத்து அருவி இருக்கிறது. மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்க அழகுதான். ஆனால் அதன் வழியே யாரும் தோட்டத்துக்கு வேலைக்குப் போனதில்லை; மேலே ஏற வேண்டியவர் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

அருவி முறை எதிர்பார்க்கும் மாறாத தேவைக்கு உள்ளூர்ச் சான்று கேட்போருக்கு ரயில் இருக்கிறது. 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை உலகப் போரின்போது பெயர்த்தெடுத்தார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதம் ரயில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15. இத்தனை ஆண்டிலும் வாடிக்கையாளர் தேவையை ஒருநாளும் மாற்றவில்லை. ரயில் வேண்டும், அவ்வளவுதான். தேனிக்காரர் போடிக்காரருக்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஏறி உட்கார்ந்ததை அஜைல்காரர்கள் 'படிப்படியான வெளியீடு' என்பார்கள். போடிக்காரர்கள் சொன்னது அச்சில் ஏறாது.

இனி ஆய்வுப் பொருள். ஏலச்செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பும். ஒரே சரத்தில் அடிப்பக்கம் விளைந்த காய், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ. நெல்லறுப்பு மாதிரி ஒரே மூச்சில் அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரைக்கும், 35 முதல் 45 நாளுக்கு ஒரு சுற்று வந்து அன்றைக்கு விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். குத்தவைத்து உட்கார்ந்து, காய்ந்த இலையை ஒதுக்கி, சரத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் காயைத் தனித்தனியாகக் கிள்ள வேண்டும். அதற்குள் காலில் அட்டை ஏறியிருக்கும். அஜைல் முறைகளில் ஒன்றான 'ஸ்க்ரம்' இந்தச் சுற்றைத்தான் 'ஸ்பிரின்ட்' என்கிறது. அதிகபட்சம் ஒரு மாதம் என்று கெடுவும் வைத்திருக்கிறது. செடி ஸ்க்ரம் வழிகாட்டியைப் படிக்காததால் சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது நுனியில் இருக்கும் பூ. அதைப் பற்றி இந்தச் சுற்றில் யாரும் கூட்டம் போடுவதில்லை. அது காயாகலாம், தேனீ வராமல் உதிரலாம், மழை கூடி அழுகலாம். அடுத்த சுற்றில் எது விளைந்து நிற்கிறதோ அதுதான் அடுத்த சுற்றின் வேலை. அலுவலகத்தில் இந்தச் சரத்துக்கு 'பேக்லாக்' என்று பெயர். அங்கே பூவுக்கும் தேதி கேட்பார்கள்.

அடுத்து, அன்றாடக் கூட்டம். அலுவலகத்தில் 15 நிமிடம், நின்றுகொண்டே நடத்துவது வழக்கம். ஜீப்பில் நிற்க இடமில்லை. உட்காரவும் பாதி இடம்தான். இருட்டில் நடக்கும் அந்தக் கூட்டம் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"மதினி, இன்னைக்கும் நேத்து விட்ட எடத்துலயா?"

"இல்லடி. அங்க ராத்திரி பூரா மழையாம். கீழத் தோட்டத்துக்குப் போகச் சொல்லிட்டாரு கங்காணி."

"கீழத் தோட்டத்துல நேத்துத்தான மருந்தடிச்சாக?"

"ஆமால்ல. அண்ணே, வண்டிய எடுக்காதீக. கங்காணிக்கு ஒரு போனப் போடுங்க."

நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன வேலை, நடுவில் என்ன தடங்கல்: ஸ்க்ரம் வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகளும் இதில் அடக்கம். 2020-இல் வந்த ஸ்க்ரம் வழிகாட்டி அந்த மூன்றையும் கைவிட்டுவிட்டது. ஜீப் கைவிடவில்லை. மேலிருந்து வந்த மாற்றத்தில் ஓட்டை இருப்பதை வண்டி கிளம்புமுன் கண்டுபிடித்தவர் காய் எடுப்பவர்தான், கங்காணி அல்ல.

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இதுதான். மலையில் தோட்டம் மாறும், ஆள் மாறும், பாதை மாறும், நேரம் மாறும். விளைந்த காய் எது என்பது மட்டும் மாறாது. பிதுக்கினால் உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் ஸ்டோரில் உலரும்போது சுருங்கி எடை போய்விடும். பழுக்கவிட்டால் வெடித்து நிறம் போய்விடும். முதலாளியும் கங்காணியும் ஸ்பைசஸ் போர்டும் சேர்ந்து வந்து கேட்டுக்கொண்டாலும் வெளுத்த விதை கறுக்காது. அந்த ஒன்று அசையாமல் நிற்பதால்தான் மற்றதெல்லாம் தாராளமாக அசைய முடிகிறது. மகனின் அலுவலகத்தில் இது தலைகீழ். அங்கே தேதி அசையாது, ஆள் எண்ணிக்கை அசையாது, 'முடிந்தது' என்றால் என்ன என்பது மட்டும் வாரம் ஒன்றாக மாறும். ஏலக்காய்க் கணக்கில் சொன்னால், பச்சைக்காய் ஸ்டோருக்குள் போன பிறகுதான் அங்கே யோசனைகள் பிறக்கின்றன. 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்ந்து, நாலைந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வெளியே வரும். அதைத் திரும்ப ஐந்து கிலோவாக்கும் வித்தையை எந்தச் சான்றிதழ் வகுப்பும் இன்னும் கற்றுத்தரவில்லை.

நல்ல மாற்றம் எங்கிருந்து வரும் என்ற துணைக் கேள்விக்கும் மலையில் விடை உண்டு. ஏலக்காய் ஆராய்ச்சிக்கென்றே மயிலாடும்பாறையில் நிலையம் இருக்கிறது. ஆனால் ஏலமலையைப் பிடித்துக்கொண்ட ஞள்ளானி ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப். செடியோடு தினமும் கிடந்தவர் அவர்.

எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. வெள்ளமும் அதைத் தொடர்ந்து வறட்சியும் வந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. விலையைப் பார்த்துச் செடி வைத்தவர்கள் காய்ப்புக்குக் காத்திருந்து நிமிர்ந்தபோது, 2022-இல் அது ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. இன்று வைத்து இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காய்ப்பதற்கு ஸ்பிரின்ட் கிடையாது. போடியிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம்தான். வியாபாரி மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, பொத்தானை அமுக்கி, நொடியில் மனம் மாறுவார். செடி அந்த வேகத்துக்கு வராது. நம் கருதுகோளை இது வெகுவாக அசைக்கிறது என்பதால், அறிஞர் மரபுப்படி ஒரே பத்தியில் கடந்து செல்கிறோம்.

கடைசியாக, அறிக்கை எழுதிய 17 பேரும் தொடாமல் விட்ட கேள்வி: மாற்றத்தின் செலவு யார் கணக்கில்? மாற்றத்தை வரவேற்கச் சொன்னார்கள். வரவேற்கிறவருக்குச் சாப்பாடு யார் போடுவது என்று சொல்லவில்லை. மகனுக்குச் சின்ன சேஞ்ச் வந்தால் சனி, ஞாயிறு போகும். மாதச் சம்பளம் வந்துவிடும். அம்மாவுக்கு நாட்கூலி. 2020 ஊரடங்கில், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மாநில எல்லை மூடியபோது, காய் மேலே செடியிலும் கை கீழே வீட்டிலும் இருந்தன. எடுக்காத காய்க்குக் கூலி கிடையாது. அவர் மாற்றத்தைப் பற்றிப் புலம்பாமல் இருப்பது மனப்பக்குவத்தால் அல்ல. புலம்புவதற்கு அவருக்கு ஒரு வாடிக்கையாளர் அழைப்புகூடக் கிடையாது.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று. மாற்றம் சொல்ல விரும்புவோர் ஜீப் மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடவும். தாண்டிய பிறகுதான் தோன்றியது என்றால், அன்றைய கூலியையும் வண்டி வாடகையையும் எடுத்து வைத்துவிட்டுச் சொல்லவும்.