டபரா–டம்ளரில் வெப்ப இழப்பு: ஒரு முன்னோட்ட ஆய்வு

கலோரிமானி ஆய்வை லவாய்சியேயில் தொடங்குவது மரபு. மரபை மீறினால் பட்டம் கிடைக்காது. 1782–83 குளிர்காலத்தில் அவரும் லப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டிக் கூட்டுக்குள் உட்காரவைத்து, உருகிய நீரை எடைபோட்டு அதன் உடல்வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அதற்குக் காபி கொடுத்தார்களா? இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

பாம் கலோரிமானி: டிபனுக்கு உதவாது, விடுவோம்.

காபிக்கோப்பைக் கலோரிமானி: தெர்மாகோல் கோப்பை, மூடி, வெப்பமானி, கலக்கி. பெயரில்தான் காபி, உள்ளே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும். தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் முகப்பழக்கமே இல்லாத இப்பண்பு நம் ஆய்வேடுகளுக்குப் புதிதல்ல என்பதால் மேற்செல்வோம்.

150 கிராம் காபி 90 டிகிரியிலிருந்து 60க்கு இறங்க வேண்டும். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்க, 150 × 4.18 × 30 = 18,810 ஜூல். (கரைசலைத் தண்ணீராகவே கொள்க என்பது பாடநூல் விதி. சில கேன்டீன்கள் இதை விசுவாசமாகக் கடைப்பிடிக்கின்றன.)

'சுற்றுப்புறத்துக்கு இழக்கும் வெப்பம் புறக்கணிக்கத்தக்கது' என்ற மந்திரம் ஓதாமல் இத்தகைய கணக்கு எதுவும் ஆரம்பமாகாது. நாமோ இழப்பதற்காகவே காபியைத் தூக்கி ஊற்றுகிறோம். 120 கிராம் எவர்சில்வர் 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற, கிராமுக்கு அரை ஜூல் வீதம் வாங்குவது வெறும் 1,800 ஜூல். மிச்சம் 17,010? காற்றுக்குக் கொஞ்சம், ஆவிக்குப் பெரும்பங்கு. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,300 ஜூலைக் கொண்டுபோகும். மொத்தமும் ஆவி வழியே போனாலும் குறைவது ஏறத்தாழ ஏழரை கிராம். (ஏழரைக்கும் சனிக்கும் உள்ள தொடர்பு தனிக் கட்டுரையாக வரும்.)

ஊற்றும் உயரமே உண்மையான சர்ச்சை. ஒரு சாண் போதும் என்பர் ஒரு சாரார் (அடுப்படி வாய்மொழி, பக்க எண் இல்லை). ஒரு முழம் வேண்டும் என்பர் மறுசாரார் (திண்ணைப் பேருரை, வெற்றிலைக்கு முன், ஒப்பிடுக: அதே உரை, வெற்றிலைக்குப் பின், சொற்கள் சிதைவு, மேலும் காண்க: கேட்டவர் சட்டையில் படிந்த உரைக்குறிப்புகள்). இரு சாராரும் கவனிக்காதது ஒன்றுண்டு: அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் காபி, விழுந்த வேகத்தாலேயே 0.735 ஜூல் வெப்பத்தைப் பெறுகிறது. அதாவது ஆற்ற ஆற்றக் காபி சூடாகிறது! ஆறிப்போன காபியை அடுப்பே இல்லாமல் மறுபடி 90 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25,600 தடவை ஆற்றினால் போதும்; சுற்றுப்புறத்துக்கு இழக்கும் வெப்பம் புறக்கணிக்கத்தக்கது எனக் கொண்டால்.