சொகுசு செடான் கொள்வதும் கொடுப்பதும்: மரியாதைக் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

நெல்லைப் பற்றித் தமிழில் ஆய்வேடு உண்டு. நெல்லை அளந்த மரக்காலைப் பற்றியும் உண்டு. அறுபது லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு செடான் காரை வாங்கி, நான்கைந்து ஆண்டு கழித்து அதே ஷோரூமில் அதைப் பாதிக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் வீடு திரும்பும் மனிதரைப் பற்றி மட்டும் நம் பல்கலைக்கழகங்கள் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வுக் களம் சென்னை, கோவை ஷோரூம்கள். ஆய்வு முறை, அங்குள்ள சோபாவில் உட்கார்ந்திருத்தல். நிதிநல்கை கிடைக்கவில்லை, காபி கிடைத்தது.

கருதுகோள் வருமாறு: சொகுசு செடான் ஷோரூமில் விற்கப்படும் பொருள் கார் அன்று, மரியாதை. கார் அதோடு இலவச இணைப்பாக வருகிறது. காரைத் திரும்ப விற்கலாம். மரியாதையைத் திரும்ப விற்க வழியில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் காணாமல் போகும் லட்சங்கள் அந்த இனத்தில்தான் போகின்றன.

முன்னோர் ஆய்வும் அதன் போதாமையும்

இத்துறையின் ஆதி நூல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரை. பழைய கார் சந்தையை வைத்து எழுதப்பட்ட அதை முதலில் மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. 2001இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்து விலையைக் குறைப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் மனம் வெறுத்துச் சந்தையை விட்டே விலகிவிடுவார். கட்டுரைத் தலைப்பில் அவர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். நாம் அதை டெலிவரி நாளில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைக்கிறோம்.

ஏகர்லாஃப் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு: டிரைவர். நம் ஊர்ச் சொகுசு செடானின் சொந்தக்காரர் பெரும்பாலும் பின்சீட்டில் இருக்கிறார். வண்டியின் இடது பக்கம் 'டொக்' என்று சத்தம் வருவதோ, மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் ஒருமுறை இன்ஜின் நின்றதோ, பின்பம்பர் ஒரு தூணோடு பேசிவிட்டு வந்ததோ அவருக்குத் தெரியாது. இங்கே அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான கோடு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஓடவில்லை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஓடுகிறது. இதை விவரம் தெரிந்த பழைய கார் புரோக்கர்கள் எந்த நோபல் பரிசும் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். வண்டி பார்க்க வந்தால் அவர்கள் முதலாளியிடம் வணக்கம் சொல்லிவிட்டு, டிரைவரைத் தனியே டீ குடிக்க அழைத்துப் போவார்கள்.

கம்பெனிகளும் பின்சீட்டின் மகிமையை உணர்ந்தே இருக்கின்றன. மெர்சிடிஸ் 2017 முதல் ஈ-கிளாஸை இந்தியாவுக்கென நீட்டி விற்கிறது. பி.எம்.டபிள்யூ. 2021இல் 3 சீரிஸை நீட்டியது. 2024இல் 5 சீரிஸை நீட்டியது. 5 சீரிஸின் நீளம் இப்போது 5,165 மில்லிமீட்டர். சென்னை அடுக்குமாடிகளில் ஒரு காருக்குக் கோடு போட்டு ஒதுக்கும் கட்டம் பொதுவாக 5 மீட்டர். மிச்சம் பதினாறரை சென்டிமீட்டர் பக்கத்து ஃபிளாட்காரரின் எல்லைக்குள் மரியாதையாகத் தலை நீட்டும். அதன்பின் அசோசியேஷன் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இடையே ஒரு குறிப்பு. ஷோரூமில் 'ஜெர்மன் வண்டி சார்' என்று தடவிக் காட்டப்படும் பி.எம்.டபிள்யூ.க்களில் பெரும்பாலானவை 2007இல் தொடங்கிய சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில் பூட்டப்பட்டவை. இதை வாங்குபவரிடம் சொன்னால் முகம் சற்று வாடுகிறது. கார் அதேதான், மரியாதை ஒரு சுற்று குறைகிறது. கருதுகோளுக்கு இது முதல் சான்று.

கொள்ளும் படலம்

அகப்பொருள் இலக்கணம் ஐந்து திணைக்கு ஐந்து உரிப்பொருள் சொல்கிறது. ஷோரூமில் அவற்றில் நான்கு ஒரே மேசையில் நடந்துவிடுகின்றன. டெஸ்ட் டிரைவ் அன்று புணர்தல், டெலிவரி வரை இருத்தல், விலையில் ஊடல், செக் கொடுக்கையில் பிரிதல். இரங்கல் விற்கும் நாளுக்கு உரியது.

ஊடலுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. மெர்சிடிஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் காரை நேரடியாகத் தானே விற்கிறது. விலை நாடு முழுக்க ஒன்று. டீலர் கமிஷனுக்கு நடத்திக் கொடுப்பவர் மட்டுமே. பேரம் ஒழிந்தது என்று கம்பெனியில் நினைத்திருப்பார்கள். நம்மவர் பேரத்தைக் கால்மிதிக்கு மாற்றிக்கொண்டார். எண்பது லட்சத்துக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டு, ரப்பர் மேட்டுக்கும் குடைக்கும் ஃபுல் டாங்க் பெட்ரோலுக்கும் முக்கால் மணி நேரம் வாதாடுகிறவரை ஆய்வாளர் நேரில் கண்டதுண்டு. வெளிப்பார்வைக்கு இது கஞ்சத்தனம். ஆழ்ந்து நோக்கின், அவர் கேட்பது மேட்டை அன்று. 'உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி வாங்கினேன் சார்' என்ற வாசகத்தை.

விலைப்பட்டியலில் ஏறுபவை வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அறுபது லட்சம் எக்ஸ்-ஷோரூம் என்றால் வரி மட்டும் 12 லட்சம். அந்தப் பணத்துக்கு வீட்டில் எல்லோரும் ஏறக்கூடிய நல்ல கார் ஒன்று தனியாகவே வரும். 10 லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்றும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல். அப்படியொரு காரை வாங்கிய செய்தி வருமான வரித் துறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஆறுதல் இல்லாத பகுதி.

அடுத்து காலம். இதுதான் இத்துறையின் மிகச் சிக்கலான அத்தியாயம். டிசம்பர் முடிவதற்குள் ஸ்டாக்கைத் தள்ளிவிடத் தள்ளுபடி தருவார்கள். ஏனென்றால் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் ஏறும், டிசம்பரில் பிறந்த கார் ஜனவரி முதல் தேதி ஒரு வயது மூத்ததாகிவிடும். ஆனால் டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடுகிறது. மார்கழியில் தமிழன் வண்டி எடுக்க மாட்டான். தை பிறந்தால் எடுப்பான். அதற்குள் தள்ளுபடி போய்விட்டிருக்கும், இருந்தாலும் அது 'போன வருஷ வண்டி' ஆகியிருக்கும். ஜெர்மானிய நிதியாண்டும் நம் பஞ்சாங்கமும் எங்கேயும் ஒட்டுவதில்லை. தள்ளுபடியை மார்கழிக்கு முன்பே பேசி, பணத்தைக் கட்டி, வண்டியைத் தை வரை ஷோரூமிலேயே நிறுத்திவைக்கும் மத்தியஸ்தம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை இன்னொரு ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

நாள் கிடைத்தாலும் நேரம் கிடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள். ஆனால் பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். மூன்று முதல் நாலரை எமகண்டம். ஷோரூம் திறப்பதோ பத்து மணிக்கு. ஆகவே ஊரில் உள்ள மரியாதைக்குரியவர் அனைவரும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ஒரே ஒரு டெலிவரி மேடையில், ஒருவர் பின் ஒருவராகப் பட்டுத்துணியை விலக்கிக் கேக் வெட்டியாக வேண்டும். அட்டையில் செய்த ராட்சதச் சாவியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தை, அடுத்த குடும்பம் பூசணிக்காயோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இரு குடும்பத்துக்கும் சால்வை ஒரே நிறம்.

விற்பனைப் பிரதிநிதியின் துயரையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. மாதக் கடைசியில் டார்கெட் அவர் கழுத்தைப் பிடிக்கும். வாங்கும் எண்ணமே இல்லாமல் பிள்ளைகளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துப் படம் எடுக்க வருபவர் யார், அழுக்கு வேட்டியில் வந்து முழுப் பணத்தையும் கட்டி எடுத்துப் போகப்போகும் மில்காரர் யார் என்று அவர் முகம் பார்த்துச் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடியும் தறுவாயில் வாங்குபவரின் மச்சான் வருவார். கார் பற்றி எல்லாம் அறிந்தவர் அவர்; சைக்கிளில் வந்திருந்தாலும் சரி. 'இது கிரவுண்ட் கிளியரன்ஸ் பத்தாது மாப்ளே' என்று அவர் சொன்ன மாத்திரத்தில் ஒரு மாத உழைப்பு தரை தட்டும்.

கொடுக்கும் படலம்

இனி அதே கண்ணாடிக் கதவு, அதே கார், அதே மனிதர். ஆண்டு மட்டும் நான்கு கூடியிருக்கிறது. முதல் மாற்றம் பானத்தில் தெரியும். வாங்கப் போனபோது 'கப்புச்சினோவா சார், ஃபில்டர் காபியா, கிரீன் டீயா?' விற்கப் போனால் 'தண்ணி குடிக்கிறீங்களா சார்?' சோபா காலியாக இருந்தும் மனிதர் வெளியே வெயிலில் காரோடு நிற்கிறார். உட்காரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வருகிறான். கையில் தீப்பெட்டி அளவில் பெயின்ட் கனம் பார்க்கும் கருவி. பானெட்டில் வைக்கிறான், 120 மைக்ரான். கம்பெனி பூச்சு பொதுவாக 100 முதல் 150. இடது பின்கதவில் வைக்கிறான், 310. ஒன்றும் சொல்லவில்லை. போனில் குறித்துக்கொள்கிறான். கதவைத் திறந்து ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகளைப் பார்க்கிறான். ஃபெண்டர் போல்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் தேடுகிறான். டிக்கியின் பாயைத் தூக்கிச் சேறு இருக்கிறதா என்று விரலால் தொட்டு முகர்கிறான். ஸ்கேனரைச் சொருகிச் சின்னத் திரையில் ஏதோ படிக்கிறான். சொந்தக்காரர் டிரைவரைப் பார்க்கிறார். டிரைவர் வானத்தைப் பார்க்கிறார்.

'வண்டி நல்லா இருக்கு சார்.'

மதிப்பீட்டாளர் மொழியில் இந்த வாக்கியம் முற்றுப்பெற்ற வாக்கியம் அன்று. 'ஆனா' என்ற சொல் பின்னால் வந்துகொண்டிருக்கும். வந்தது. 'ஆனா செடான் சார். இதே எஸ்.யூ.வி.யா இருந்தா இன்னிக்கே எடுத்துக்குவோம்.' நான்கு ஆண்டுக்கு முன் இதே கூரையின் கீழ், 'எஸ்.யூ.வி. இப்ப எல்லாரும் வச்சிருக்காங்க. செடான்லதான் சார் ஒரு கிளாஸ்' என்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டு கூற்றும் அதனதன் மேசையில் உண்மையே. முதல் கூற்று மரியாதையைப் பற்றியது. இரண்டாவது காரைப் பற்றியது.

கழித்தல் தொடர்கிறது. ரன்-ஃபிளாட் டயர் நாலும் மாற்ற வேண்டும். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது. செகண்ட் கீ இருக்கா சார்? வாரன்டி போன மாதத்தோடு முடிந்தது. ஆயுள் வரி லட்சக்கணக்கில் கட்டினோமே என்றால், 'அது கவர்ன்மென்ட்டுக்கு சார்' என்று பணிவாகப் பதில் வரும். இன்ஷூரன்ஸ் கணக்குப்படி மூன்று முடிந்து நான்காம் ஆண்டு ஓடும் காருக்குத் தேய்மானம் 40 சதவீதம்தான் என்று தாளை எடுத்து நீட்டினால், அவன் அந்தத் தாளைச் சிறு பிள்ளையின் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் அன்பாகப் பார்ப்பான்.

போதாக்குறைக்கு அரசும் கை கொடுக்கும். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரை இந்த ரகச் செடானுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 48 சதவீதம். அன்று முதல் 40. புதுக் கார் சில லட்சம் இறங்கியது; வாங்கப்போகிறவர்கள் வாழ்த்தினார்கள். ஆகஸ்டில் எடுத்தவரின் வண்டி, நின்ற இடத்தில் நின்றபடியே அந்தச் சில லட்சத்தை இழந்தது. டில்லியிலிருந்து வேறொரு படை வருகிறது. அங்கே டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்று தடை விதிக்கப்பட்டதிலிருந்து, பளபளப்புக் குறையாத கிழட்டு டீசல் செடான்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே வந்து நம்மூர் விலையைக் கீழே இழுக்கின்றன. அவற்றைப் பற்றிய விளம்பரங்களில் எல்லாம் 'டாக்டர் ஓட்டினது, சிங்கிள் ஓனர்' என்றே காண்கிறது. தலைநகரில் இத்தனை டாக்டர்கள் காரை விட்டு இறங்காமல் இருந்தால் நோயாளிகளை யார்தான் பார்த்தார்கள் என்ற வினாவுக்கு ஆய்வாளரிடம் விடையில்லை.

ஒப்புக்கொண்ட விலை எதுவாயினும், கடைசியில் ஒரு கட்டுத் தாளை நீட்டிப் பென்சிலால் சிலுவைக்குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துக் கேட்பார்கள். படிவம் 29, படிவம் 30. வாங்குபவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். 'ஓப்பன் ஃபார்ம் சார், பார்ட்டி வந்ததும் ஃபில் பண்ணிக்குவோம்.' களைத்துப்போன மனிதர் போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிப்பார். பிறகு கண்காணாத ஊர்களிலிருந்து வேக மீறல் அபராதச் செய்திகள் அவர் போனுக்கே வரத் தொடங்கும். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் சொந்தக்காரர்தான். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகப் போர்ட்டலில் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. ஆகவே, செடான் விற்கப் போகும் வாசகரே, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 29சி ஒப்புகையைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை செகண்ட் கீயைக் கொடுக்காதீர்கள்.