பந்தின் மேல் ஒரு கணக்குப்பிள்ளை

ஆரணியில் முதுகுவலிக்கு மரியாதை கிடையாது. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, குனிந்தபடியே நாள் முழுக்க மிதி மிதித்து நாடா தள்ளுகிறவர்கள் வாழும் தெரு எங்களுடையது. இங்கே ஒருவர் ‘இடுப்பு வலிக்குது’ என்றால், ‘சரி, சாப்பிட்டாச்சா?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும். இந்தத் தெருவில்தான் நான், பட்டுக்கடையில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன், முதுகுவலி என்று படுத்தேன்.

வலி வந்த கதையிலும் வீரம் இல்லை. வாசலில் இறக்கிய 25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பத்தைத் தூக்கப் போனேன். குனிந்த வரையில் எல்லாம் சரியாக நடந்தது. நிமிர்வதுதான் பாக்கி. மனைவி வந்து சிப்பத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அப்புறம் என்னை விசாரித்தாள். ஆரணிப் பட்டு எடை குறைவு என்று பேர் வாங்கியது. அதற்குக் கணக்கு எழுதுகிறவன் விஷயம் வேறு.

அம்மா தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்துத் தெருவில் கால் முன்னே வரப் பிறந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு மிதி மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்று நம்பிக்கை. அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். அதிலிருந்து அவருடைய கால்ராசிக்கு இன்னும் கிராக்கி. பிறகு இடுப்புக்குப் பெல்ட் வாங்கினேன். நாள்பட்ட இடுப்புவலிக்குப் பெல்ட்டைச் சிபாரிசு செய்வதற்கில்லை, உடற்பயிற்சி நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ஆனாலும் சட்டைக்குள் கட்டினால் தொப்பை தெரியவில்லை என்பதால் சில கல்யாணங்களுக்கு அது உதவியது. அதே நிறுவனத்தின் கணக்கில், 2020இல் உலகத்தில் இடுப்புவலிக்காரர்கள் 61.9 கோடிப் பேர். இதை, வீட்டுக் கூடத்தில் தறி நெய்யும் என் அப்பாவிடம், நைனாவிடம், சொன்னேன். ‘அவங்கள்லாம் வேலைக்குப் போறாங்களா, இல்லையா?’ என்றார்.

பந்தைக் கொண்டுவந்தவன் வேலூர் மைத்துனன். ‘மாமா, சும்மா உக்காந்தாலே போதும்’ என்றான். 1963இல் இத்தாலியில் அக்விலினோ கொசானி என்பவர் இந்தப் பெரிய பிளாஸ்டிக் பந்துகளைச் செய்யத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் பிசியோதெரபிஸ்டுகள் அதைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டதால் சுவிஸ் பந்து என்று பேர் நின்றுவிட்டது. அம்மாவிடம் இந்த வரலாறு எடுபடவில்லை. ‘இன்னாடா இது, பேரன் வர்ற வயசுல பந்து?’ என்றாள்.

சும்மா உட்கார்ந்தேன். பந்து சும்மா இருக்கவில்லை. நான் தரைக்கு வர, அது கூடத்தைக் கடந்து தறியை நோக்கிப் போனது. தறியில் முழுப் பாவு, கல்யாணச் சேலை, பட்டு விற்கிற விலை எனக்கல்லவா தெரியும்! நைனா குழியை விட்டு அசையவில்லை. இடது முழங்கையால் பந்தை ஒரு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்பினார். ‘பாவு மேல பட்டிருந்தா உன்னை வித்துத்தான் நூல் வாங்கணும். அதுக்கும் எவ்ளோ தேறுமோ’ என்றார்.

எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக வந்த பிசியோதெரபிஸ்ட் பெண். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்களே, அப்படி வந்தவர். ‘முதல்ல பந்துமேல ஏறாதீங்க சார், தரையில படுங்க’ என்றார். பாய் விரித்து மல்லாந்து, இரண்டு கெண்டைக்கால்களையும் பந்தின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவே பாதி சுகம். பிறகு பந்தைக் காலால் மெல்ல உருட்டி முழங்கால்களை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, மெல்லத் திருப்பி விடுவது. அடுத்தது மண்டி போட்டு, கைகளைப் பந்தின் மேல் வைத்து, அதை முன்னால் உருட்டிக்கொண்டே போய் முதுகை நீட்டுவது. மூச்சை அடக்கக் கூடாது. இதெல்லாம் பழகிய பிறகுதான் சுவரோரம் பந்தை வைத்து, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து, இடுப்பை முன்னும் பின்னும் லேசாகச் சாய்ப்பது.

லேசாக என்பதுதான் எனக்கு வராத கலை. வலி இன்றைக்கே போக வேண்டும் என்ற அவசரத்தில் வெடுக்கென்று இழுப்பேன். அது நாலு பங்காகத் திரும்பி வரும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, பதமாக நீவி, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பார்களே, அந்த நிதானம் இதற்கும் வேண்டும். பிறந்ததிலிருந்து தினம் பார்த்த வேலை. முதுகுக்கு மட்டும் உறைக்கவில்லை.

இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். ஆனால் பந்து என் கையில் இல்லை. ஒரு சாயங்காலம் தறியை விட்டு எழுந்த நைனா, ‘இன்னாதான் இருக்குது இதுல’ என்று கெண்டைக்காலைத் தூக்கி அதன் மேல் போட்டார். அப்படியே குறட்டை. அன்றிலிருந்து சாயங்காலத்துப் பந்து அவருடையது. காலைப் பந்து அம்மாவுடையது. நான் வரிசையில் இருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தரை அடிக்குள் இருப்பவருக்கு 55 சென்டிமீட்டர் பந்து, அதற்கு மேல் ஆறடி வரைக்கும் 65. உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தப்பினாலோ, கீழே விழுந்து வந்த வலியானாலோ பந்தைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் தறி இருந்தால் இரண்டு பந்தாக வாங்குங்கள்.