கொலுப் பூங்காவின் மண்வெட்டி: சிறுகருவியியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புரட்டாசி அமாவாசையை ஒட்டித் தமிழ்நாட்டு வீடுகளில் கொலுப்படிகள் எழும்புகின்றன. படிகளில் வீற்றிருப்போரைப் பற்றியும், அவர்கள் பெயரால் விநியோகமாகும் சுண்டலைப் பற்றியும் போதுமான அளவு பேசியாயிற்று. படிகளுக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடியைக் குளமாக்கிப் ‘பூங்கா’ என்று ஓர் ஊரே உருவாகிறது. அந்த ஊரின் குளத்தை வெட்டியது யார், எதைக் கொண்டு வெட்டினார் என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இக்கட்டுரை அதைக் கேட்கிறது. ‘வேலைக்கு ஆகாத கருவிக்கே வேலைப்பாடு அதிகம்’ என்பது இதன் கருதுகோள்.

முன்னோர் பணிகள்

இத்துறையில் மேலைநாட்டார் நம்மை முந்திவிட்டனர். பிரிட்டிஷ் அரசி மேரிக்காகக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த பொம்மை வீடு 1921-க்கும் 1924-க்கும் இடையில் உருவானது. அதே ஆண்டுகளில் அவர் புதுதில்லியையும் கட்டிக்கொண்டிருந்தார் என்பது, மனிதர் அளவு வேற்றுமை பார்க்காதவர் என்பதற்குச் சான்று. அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:12 என்ற விகிதம். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். இன்றும் விண்ட்சர் கோட்டையில் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பிரான்செஸ் கிளெஸ்னர் லீ 1940-களில் அதே விகிதத்தில் மர்ம மரணங்கள் நிகழ்ந்த அறைகளைச் செய்து, போலீஸாருக்குத் துப்பறியும் பயிற்சி அளித்தார். அங்கே பொம்மைகள் செத்துக் கிடக்கின்றன. நம் கொலுவில் அவை கல்யாணம் செய்துகொள்கின்றன. பண்பாட்டு வேறுபாடு என்பது இதுதான்.

தமிழ் மரபிலும் வித்து இருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலுக்கென்றே ஒரு பருவம் உண்டு. மணல் வீட்டைக் கலைக்கப் பத்துப் பாடல் ஒதுக்கிய மரபு, கலைந்த வீட்டைப் பூசிச் சரிசெய்யும் கரண்டிக்கு ஒரு பருவம் ஒதுக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது நம் கடமை.

விகிதச் சிக்கல்

கொலுவுக்கென்று விகிதம் கிடையாது. தசாவதார வரிசையில் மீனும் ராமரும் ஒரே உயரம். செட்டியார் பொம்மை தன் கடையைவிடப் பெரிது. அவர் உள்ளே போய் வியாபாரம் பார்க்க வழியே இல்லை. எனினும் ஆய்வுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதால் 1:12 ஏற்கப்படுகிறது. இதன்படி ஐந்து செ.மீ. முளைத்த கேழ்வரகு, பொம்மைக்கு அறுபது செ.மீ. புல். பூங்கா பராமரிப்பின்றிக் கிடக்கிறது என்பதும், அங்கே ஒரு மண்வெட்டி அவசரத் தேவை என்பதும் இத்தால் நிறுவப்படுகின்றன.

மூலப்பொருள்களும் செய்முறையும்

மண்வெட்டி: பல்குத்தும் குச்சியின் நீளம் சுமார் 6.5 செ.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 78 செ.மீ.; நிஜக் காம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். இலைக்குக் குளிர்பான டின்னின் தகடு. அதன் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ., பெருக்கினால் 1.2. கத்தரித்து, கழுத்தை வளைத்து, ஃபெவிகுயிக் ஒரு சொட்டு. பளபளக்கும் மண்வெட்டியை எந்த ஊரும் நம்பாது. காவி வண்ணத்தைத் தொட்டுத் துரு ஏற்ற வேண்டும். தகட்டின் விளிம்பு செய்பவரின் விரலை வெட்டக்கூடும். இந்தக் கருவி செய்யும் ஒரே நிஜ வேலை அதுவே. ஈரம் பட்டால் இறுகுவது அந்தப் பசையின் இயல்பு. புரட்டாசிப் புழுக்கத்தில் வியர்த்த விரல்கள் அதற்கு மிகவும் பிடிக்கும்.

கடப்பாரை: தென்னந்துடைப்பக் குச்சியின் அடிப்பகுதி, கறுப்பு வண்ணம் பூசியது. ஆனால் துடைப்பக் குச்சியிலிருந்து துடைப்பம் செய்ய இயலாது. ஒரு மி.மீ. ஈர்க்கு பொம்மையின் கையில் 12 மி.மீ. கழியாகிவிடும், அதை வைத்துக் கூட்ட முடியாது, அடிக்கத்தான் முடியும். துடைப்பத்துக்குப் பெயின்ட் பிரஷ்ஷின் மயிரே உகந்தது.

சுத்தியல்: பாதித் தீக்குச்சி, தலைக்கு எம்சீல் ஒரு கடுகளவு.

ரம்பம்: இங்கே அறிவியல் கைவிரிக்கிறது. அங்குலத்துக்கு ஐந்து பல் உள்ள முரட்டு ரம்பத்தைச் சுருக்கினாலும் அங்குலத்துக்கு அறுபது பல் வேண்டும். கடையில் கிடைக்கும் ஆக்ஸா பிளேடுக்கே வழக்கமாக இருபத்துநான்குதான். ஆகவே பற்களைப் பென்சிலால் வரைந்துவிடுவது நேர்மையான தீர்வு.

எடை: நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால் எடை 1,728-இல் ஒரு பங்காகிறது. ஏழு கிலோ கடப்பாரையை இரும்பிலேயே செய்தாலும் நான்கு கிராம்; ஈர்க்கில் செய்தால் அதுவும் தேறாது. மின்விசிறியை வேகமாக வைத்தால் கடப்பாரை பறக்கிறது. 

விவாதம்

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அரிவாள்மணை முதல் மோட்டார் சைக்கிள் வரை அனைத்துக்கும் சந்தனம், குங்குமம், ஓய்வு. அப்படியானால் பூங்காவில் சாத்தியிருக்கும் மண்வெட்டிக்கு? இங்கே அறிஞர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். அது பொம்மை, படியோரத்திலேயே கிடக்கட்டும் என்பர் படிவாதிகள். அது ஆயுதம், பூஜைப் பலகையில் ஏற்றுக என்பர் பலகைவாதிகள். படிவாதிகளின் வாதம் கூர்மையானது: விஜயதசமியன்று எடுத்து வேலையைத் தொடர்வதற்காகத்தான் கருவிகளைப் பூஜையில் வைக்கிறோம், தொடர்வதற்கு வேலையே இல்லாத கருவிக்கு ஓய்வு எதற்கு?

பலகைவாதிகள் கொல்லைப்புறத்தைக் காட்டுகின்றனர். அங்கே நிஜ மண்வெட்டி, காம்பு ஆடுவதால் துணி சுற்றிச் செருகிய நிலையில், ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் கழுவப்படுகிறது. மண்ணை வெட்டுவதால் அதன் கோலம் மன்னிக்கப்படுகிறது. சிறு மண்வெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. காம்பு நேராக, கழுத்து வளைவாக, துரு அளவாக இல்லாவிட்டால் அது வெறும் குச்சி. இரண்டையும் பார்வையிட்ட பாட்டி அளித்த மதிப்பீடு பின்வருமாறு: “ஏண்டா, இதுக்கு இவ்ளோ நேரா காம்பு மாட்டத் தெரிஞ்சவனுக்கு, அதுக்கு மாட்டத் தெரியாதா?” கருதுகோளை இதைவிடச் சுருக்கமாக எவரும் மெய்ப்பித்ததில்லை.

எனவே பலகைவாதமே ஏற்கப்படுகிறது. ஒரு செயல்முறைத் திருத்தம் உண்டு. விரல் நுனியால் வைக்கும் பொட்டு, விகிதப்படி, சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவாகி மண்வெட்டியை மறைத்துவிடும். குண்டூசித் தலையால் வைத்தால் சரியாக இருக்கும்.

பரிந்துரைகள்

ஒன்று: நிஜ மண்வெட்டியின் காம்பு மாற்றப்பட வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை.

இரண்டு: நவராத்திரி முடிந்து பொம்மைகள் பரணுக்குப் போகையில் கருவிகள் செய்தித்தாள் மடிப்பில் காணாமல் போகின்றன. அவற்றைத் தீப்பெட்டியில் இட்டுவைக்கவும். சுமார் ஐந்துக்கு மூன்றரை செ.மீ. பெட்டி, பெருக்கினால் அறுபதுக்கு நாற்பத்திரண்டு. தச்சர் பெட்டிக்கு நல்ல அளவு. சுத்தியலும் ரம்பமும் அடங்கும். மண்வெட்டியும் கடப்பாரையும் அடங்கமாட்டா. நிஜத்திலும் அவை எந்தப் பெட்டியிலும் அடங்குவதில்லை, சுவரில்தான் சாய்ந்திருக்கும். ஆகவே விகிதம் சரி.