தாளம் தப்பினால்…

ஈ.சி.ஜி. என்னும் இதய மின்பதிவுத் தாளில் இருப்பது வெறும் கிறுக்கல்தானே? அதில் டாக்டர் அப்படி என்ன படிக்கிறார்?

தாளத்தை! அது தப்பினால் தாளில் தெரிந்துவிடும்.

தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு உயர முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் போதும். நான்கு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75.

இடைவெளி ஒழுங்கே இல்லாமல் மாறி, முனைக்கு முன்னால் வரவேண்டிய சின்ன ‘பி’ மேடும் காணவில்லையா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. இதயத்தின் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நாய்க்கும் இதய மின்பதிவு உண்டா?

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போன நாயே உண்டு! ஆய்வாளர் அகஸ்டஸ் வாலரின் புல்டாக் ஜிம்மி, இந்தப் பதிவுக்காக உப்புநீரில் கால் வைத்து நின்றது. கொடுமை என்று 1909-இல் கேள்வி எழுந்தது.